ஓல்போர்க்கில் வெள்ளைக்கரடி பார்த்த வெள்ளிக்கிழமை

இதை வாசிக்கப் போகிற எல்லோரிடமும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து கோழி கிண்டிய முற்றம் போல் இருக்கும். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். ன, ண இரண்டில் எது எங்கே என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாங்கள் இருக்கிற டேனிஷ் ஊரான பிராண்டேயின் வாசகர் வட்டத்தில் ஆளுக்கொரு பயணக் கட்டுரை கேட்டபோது மற்றவர்கள் பாரிசுக்கும் சுவிசுக்கும் போன கதையை எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்படி எங்கும் போனதில்லை. ஒருநாள் ஓல்போர்க்குக்குப் போய் வெள்ளைக்கரடி பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

2009ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை 7.40.

முதல்நாள் வியாழக்கிழமை, இயேசு விண்ணுக்கு ஏறிய பெருநாள். வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்சாலையையும் பள்ளிக்கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். இரண்டு விடுமுறைக்கு நடுவில் அகப்பட்ட இந்த மாதிரி நாளை டேனிஷ்காரர் ‘நெரிபட்ட நாள்’ என்று சொல்வார்கள். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை ஊரில் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. என் ஒரே தங்கச்சி மலர், அவளுடைய பிள்ளைகள் நிரோசன், கீர்த்தி மூன்று பேரும் அந்தக் கடைசித் துண்டு நிலத்துக்குள் இருந்தார்கள். அவளுடைய குரலைக் கடைசியாகக் கேட்டது சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த நாள். யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஒரு நிமிடம். “அண்ணை, பங்கருக்குள்ள இருக்கிறம். நான் பிள்ளையளோட நிக்கிறன்” என்றாள். அதோடு அறுந்துவிட்டது. 

என் மகள் துளசிக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கரடியைப் பற்றி ஒரு ஒப்படை செய்து திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் பேசவேண்டும். ஓல்போர்க்குக்குக் கூட்டிப்போய்க் கரடி காட்டுகிறேன் என்று தை மாதமே சொல்லியிருந்தேன். பிறகு மாசி, பங்குனி, சித்திரை என்று தள்ளிக்கொண்டே போனேன். அன்று காலையும் சப்பாத்தைப் போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றேன்.

என் மனைவி சாந்தி குசினிக்குள் இருந்து வந்தாள். “இஞ்சாருங்கோ, போனுக்கு முன்னால நீங்கள் குந்திக்கொண்டு இருந்தா மட்டும் அது அடிக்குமே?”

“நான் இல்லாத நேரம் மலர் எடுத்தா?”

“எடுத்தா நான் கதைக்க மாட்டனே? எனக்கென்ன வாயில்லையே? பிள்ளை ஒரு கிழமையா உங்கட முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமப் படுக்குது. போங்கோ. பாணும் சம்பலும் கட்டி வைச்சிருக்கிறன்.”

போனேன்.

பிராண்டேயிலிருந்து ஹேர்னிங், வீபோர்க் வழியாக ஓல்போர்க்குக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். என்னுடைய பழைய காருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். காரில் ஏறியதும் துளசி வானொலியைப் போட்டாள். அறிவிப்பாளர் உற்சாகமாக, “இன்று பிரேதா” என்றார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளங்கப்படுத்தவேண்டும். டேனிஷில் வெள்ளிக்கிழமைக்கு ‘பிரேதா’ என்று பெயர். சமாதானத்துக்கு ‘பிரேத்’. தொண்ணூற்றொன்றில் நாங்கள் மொழிப் பள்ளிக்குப் போன காலத்தில் ஆசிரியை பலகையில் ஒரு புறாவைக் கீறி, பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி, வாயைத் திறந்து சொல்லிக் காட்டினார். எனக்குப் பக்கத்தில் இருந்த குணம் அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டார். “அட கடவுளே, சமாதானத்துக்கு இவங்கள் பிரேதம் எண்டெல்லோ சொல்லுறாங்கள்!” வகுப்பில் இருந்த தமிழர் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் வெள்ளிக்கிழமைக்குப் ‘பிரேதக்கிழமை’ என்றுதான் பெயர். குணம் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். பகிடி என்னோடு நின்றுவிட்டது.

பதினெட்டு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த செய்தி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான யேன்ஸ் நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துக்கள். உங்கட நாட்டில இப்ப பிரேத் வந்திட்டுது. செய்தியில பார்த்தன்” என்றார். நான் “தக்” என்றேன். டேனிஷில் அது நன்றி. கூச்சக்காரனான எனக்கு முதலில் வருகிற சொல் அதுதான். யாராவது தவறுதலாகக் காலை மிதித்தாலும் தக் சொல்லிவிடுவேன். அன்று அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று விளங்கியது. ஆனால் யேன்ஸ் அதற்குள் தூரப் போய்விட்டார். அந்தத் ‘தக்’கைத் திருப்பி வாங்க நான்கு நாளாக வழி தேடிக்கொண்டிருந்தேன்.

ஹேர்னிங் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடுகு பூத்தது போல மஞ்சள் வயல்கள். நடுவில் காற்றாலைகள். தொழிற்சாலையில் அவற்றின் இறக்கைகளைத் தேய்த்து மினுக்குவதுதான் என் வேலை. துளசி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“அப்பா, இது நீங்கள் தேய்ச்ச இறக்கையோ?”

“இருக்கலாம். அதில பேர் எழுதுறேல்லை.”

“காத்தால கரண்ட் எடுத்தா புகை குறையும். புகை குறைஞ்சா பனி உருகாது. அப்ப நீங்கள் கரடிக்குத்தான் வேலை செய்யிறியள்.”

“சம்பளத்தைக் கரடியே தருது?” என்றேன். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

காலை 9.15க்கு வீபோர்க்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கைத்தொலைபேசியை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

10.30க்கு மிருகக்காட்சிச்சாலை வாசலில் நின்றோம். எனக்கு நூற்று நாற்பது குரோனர், துளசிக்கு எண்பது. துளசி யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் திரும்பியே பார்க்கவில்லை. கையில் கொப்பியோடு நேரே கரடிக்குத்தான் நடந்தாள்.

வெள்ளைக்கரடி வெள்ளை இல்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பால் போல எதிர்பார்த்துப் போனேன். அதன் நிறம் பலமுறை தோய்த்த வேட்டியின் நிறம். மூக்கு மட்டும் கறுப்பு. மயிருக்குக் கீழே தோலும் கறுப்புத்தான் என்று துளசி சொன்னாள். பெரிய குளம் ஒன்றின் கரையில் கற்பாறை மேல் அது படுத்திருந்தது. பிறகு எழும்பி வந்து தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியபடி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. நானும் துளசியும் பத்து நிமிடம் பார்த்தோம். அது அசையவே இல்லை.

“என்ன செய்யுது?” என்றேன்.

“காத்திருக்குது. கடல்நாய் மூச்செடுக்க மேல வாற பனி ஓட்டைக்குப் பக்கத்தில இப்படித்தான் மணிக்கணக்கில நிக்குமாம். இஞ்ச ஓட்டையும் இல்லை, கடல்நாயும் இல்லை. எண்டாலும் நிக்குது.”

எனக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி நினைவுக்கு வந்தது.

வேலிக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் பனிக்கட்டி மேல் நிற்கிற படம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். எனக்கு டேனிஷ் வாசிப்பு மெல்ல மெல்லத்தான் வரும். எழுத்துக் கூட்டினேன். பி, ரே, தெ, த். முன்பாதி எனக்குத் தெரிந்த சொல். அதே சொல்.

“துளசி, இஞ்ச பார். கரடிக்குச் சமாதானம் வந்திட்டுதாம்.”

துளசி பலகையைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா! அது பிரேத் இல்லை, பிரேதெத். வேற சொல். ஆரும் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது எண்டு சட்டம் போட்டா அந்த மிருகம் பிரேதெத். வாசியுங்கோ. கிறீன்லாந்தில குட்டியோட நிக்கிற தாய்க்கரடியைச் சுடக்கூடாது.”

நான் திரும்ப வாசித்தேன். குட்டியோடு நிற்கிற தாயைச் சுடக்கூடாது. இந்த முறை ஒரு எழுத்தும் தட்டுப்படவில்லை.

பக்கத்து வாங்கில் ஒரு பெண் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அகன்ற முகம், கறுத்த தலைமயிர். அவர் துளசியைப் பார்த்து, “என்ன அவ்வளவு சிரிப்பு? எனக்கும் சொல்லன்” என்று கேட்டார். துளசி கரடிக்குச் சமாதானம் வந்த கதையைச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. தள்ளி இருந்து வாங்கில் இடம் விட்டார்.

அவருடைய பெயர் ஆனெ. எனக்கு ஆனை என்று கேட்டது. துளசி என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டு காலால் தட்டினாள். ஆனெ கிறீன்லாந்தின் கிழக்குக் கரையில் பிறந்தவர். ஓல்போர்க்கில் ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை. ஓய்வு நாட்களில் இங்கே வந்து கரடிக்கு முன்னால் இருப்பாராம். அவர்களுடைய மொழியில் கரடிக்கு நனோக் என்று பெயர்.

துளசி கொப்பியைத் திறந்துவிட்டாள். “வேட்டைக்காரராலதானே கரடி அழியுது?”

“அப்பிடித்தான் உன்ர புத்தகத்தில இருக்கோ?” என்று ஆனெ கேட்டார். கோபமில்லை, ஆனால் குரல் மாறியது. “என்ர தமையன் வேட்டைக்காரன். வருசத்துக்கு இத்தனைதான் எண்டு கணக்கு வைச்சுத்தான் சுடலாம். இறைச்சியைத் தின்னுறம், தோலில குளிருக்குப் போடுற களிசான் தைக்கிறம். நாங்கள் ஆயிரம் வருசமா அப்பிடித்தான் இருக்கிறம், கரடியும் இருந்தது. இப்ப என்ன நடந்தது? பனி பிந்தி வருது, முந்திப் போகுது. கரடி கடல்நாயைப் பனியில நிண்டுதான் பிடிக்கும். தண்ணிக்குள்ள கடல்நாயைத் துரத்திப் பிடிக்க அதால ஏலாது. பனி இல்லாட்டி பட்டினி. பசியில எங்கட ஊருக்குள்ள வருது. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காவல் போகவேண்டிக் கிடக்குது. இதை விட உங்கட பக்கத்துத் தொழிற்சாலைகளின்ர நஞ்சு காத்திலயும் கடலிலயும் வந்து கடல்நாயின்ர கொழுப்பில நிக்குது. அதைத் தின்னுற கரடிக்குள்ளயும் போகுது. ஒரு தொழிற்சாலையைக் கண்ணாலயும் காணாத கரடி.”

துளசி வேகமாக எழுதினாள்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டும் போல் இருந்தது. தெரியாத ஒருவரிடம் நானாக டேனிஷில் கேள்வி கேட்பது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிது. சொற்களை மனதுக்குள் இரண்டுமுறை அடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். “பனிக்கட்டி பிரேதெத் இல்லையா?”

“அப்பா, பனியை அப்பிடிச் சொல்லுறேல்லை” என்று துளசி மெல்லச் சொன்னாள்.

ஆனெ என்னைத் திரும்பிப் பார்த்தார். “இல்லை,” என்றார். “கரடிக்குத்தான் சட்டம். அது நிக்கிற பனிக்கு ஒண்டுமில்லை.”

மத்தியானம் 12.50. என் கைத்தொலைபேசி அடித்தது. எழும்பியதில் மடியில் இருந்த துளசியின் பென்சில்கள் எல்லாம் சிதறின. வீட்டு இலக்கம். பொத்தானை அமத்த விரல் வழுக்கியது.

“சாந்தி, என்ன? ஆர் எடுத்தது?”

“ஒருத்தரும் எடுக்கேல்லை. நீங்கள் சாப்பிட்டியளோ எண்டு கேக்கத்தான்.” பிறகு குரலைத் தணித்தாள். “பயப்பிடுத்திப் போட்டனோ?”

“இல்லை. சாப்பிட்டம்.”

திரும்பி வந்தபோது ஆனெ பென்சில்களைப் பொறுக்கித் துளசியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பிளாஸ்கிலிருந்த கோப்பியை அதன் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். அதுவரை டேனிஷில் நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என்னிடம் இருந்த டேனிஷ் அவ்வளவுதான்: “என் தங்கச்சி. இரண்டு பிள்ளைகள். யுத்தம் முடிந்துவிட்டது. எங்கே என்று தெரியாது.”

ஆனெ தலையசைத்தார். பிறகு தன் தமையனைப் பற்றி ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

“ஒரு மாரிகாலம் வீட்டில இறைச்சி இல்லை. நாயளுக்கும் இல்லை. அண்ணன் நாய்வண்டியில மூண்டு நாள் போனவன். மூண்டாம் நாள் ஒரு கரடியைக் கண்டு துவக்கை எடுத்தான். அது திரும்பினது. பின்னால ரெண்டு குட்டி. சுத்திவர ஒரு மனிசன் இல்லை. சுட்டா ஆருக்குத் தெரியும்? பனிக்குத்தான் தெரியும். துவக்கைக் கீழ வைச்சிட்டு வெறுங்கையோட வந்தான். அம்மா ஏசினவ. ஏன் சுடேல்லை எண்டு கேட்டதுக்கு, ‘அது பிள்ளையளோட நிண்டது’ எண்டு மட்டும்தான் சொன்னான்.”

மலர் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான் என்று ஆனெக்குத் தெரியாது. நான் கோப்பி மூடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்ததும் “தக்” என்றேன். பல நாளுக்குப் பிறகு சரியான இடத்தில் சொன்ன தக் அது.

பிற்பகல் 3.00 மணிக்குப் புறப்பட்டோம். கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கரடி அதே இடத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. ஓல்போர்க் எனக்குப் பிடித்த பட்டினம்தான். கடல்வாய்க்கு மேலே பாலம், பெரிய கட்டிடங்கள், பஸ்கள். அன்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வீபோர்க் தாண்டும்போது துளசி கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாள். தமிழில் கேட்டாள். “மலர் மாமி பிரேதெத் இல்லையா அப்பா?”

பிள்ளை விபரம் ஒன்றும் அறியாது என்று நாங்கள் அறைக் கதவைச் சாத்திக் கதைத்ததெல்லாம் வீண் என்று அப்போதுதான் தெரிந்தது. சட்டம் இருக்கிறது என்று சொல்வதா? எல்லா நாடும் கையெழுத்துப் போட்ட சட்டம் இருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதை அவளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “தெரியாதம்மா” என்றேன். அவள் என் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழி நெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மாலை 5.30க்கு வீட்டுக்கு வந்தோம். சாந்தி கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தேன். தலையை இல்லை என்று ஆட்டினாள்.

பயணம் அதோடு முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் என் கணக்கில் முடியவில்லை. திங்கட்கிழமை காலை துளசி தன் ஒப்படையோடு பள்ளிக்கூடம் போனாள். நான் வேலை உடுப்பை மாற்றுவதற்கு முன்பே யேன்சின் அறைக் கதவைத் தட்டினேன். அங்கே வேலை செய்த வருடங்களில் நானாக அந்தக் கதவைத் தட்டியது அன்றுதான். சனியும் ஞாயிறும் நடந்து நடந்து பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்.

“யேன்ஸ், செவ்வாய்க்கிழமை நான் தக் சொன்னது பிழை. அங்கே பிரேத் இருக்கலாம். ஆனால் எங்கட சனம் பிரேதெத் இல்லை.”

அவர் காதுக் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “திரும்பச் சொல்லு” என்றார். திரும்பச் சொன்னேன். தங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது. “எனக்குத் தெரியாது. நான் செய்தியின்ர முதல் வரியைத்தான் பார்த்தன். மன்னிச்சுக்கொள்” என்றார். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் தேய்க்கிற இடத்துக்கு வந்து, “ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டார். நான் இல்லை என்பேன். போய்விடுவார். இரண்டு மாதம் ஒருநாளும் தவறவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். செட்டிகுளம் அகதி முகாமில் யாரோ ஒருவரின் தொலைபேசியிலிருந்து மலர்.

“அண்ணை.”

“மலர்! எப்பிடி இருக்கிறாய்? பிள்ளையள்?”

“கீர்த்தி என்னோட நிக்கிறாள்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் நிரோசனைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு அவள்தான், அழுகிற அண்ணனுக்கு ஏதாவது கதை கொடுக்கவேண்டும் என்று நினைத்தோ என்னவோ, கேட்டாள்: “அங்க இப்பவும் பனியோ அண்ணை?”

“இல்லை” என்றேன். “எல்லாம் உருகிப்போச்சு.”

மலர் இப்போது கிளிநொச்சியில் இருக்கிறாள். கீர்த்திக்குப் பதினான்கு வயது. நிரோசனின் பெயர் காணாமல் போனவர்களின் பட்டியலில் இருக்கிறது. துளசி அன்று வகுப்பில் பனியைப் பற்றித்தான் அதிகம் பேசியதாகப் பிறகு சொன்னாள். ஆனெயை நான் திரும்பக் காணவில்லை. ஓல்போர்க் கரடியை விட, நான் ஒருநாளும் காணாத அவருடைய தமையனைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். மூன்று நாள் பட்டினி, கையில் துவக்கு, சுற்றிவர ஒருவருமில்லை. அப்படி ஒரு மனிதர் ஒரு பனிவெளியில் இருந்தார் என்பதை யாராவது எழுதி வைக்கவேண்டும் என்று நினைத்தேன். வேறு ஒருவரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்தபடியால், என் கோழிக் கையெழுத்தில் நானே எழுதிவிட்டேன்.

பிராண்டே, 22 மே 2015, வெள்ளிக்கிழமை.